அளக்கும் கருவியை அளப்பது யார்?

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை செல்லும் சிறிய கிளை இருப்புப் பாதையில் கோரமண்டல் என்றொரு நிலையம் உண்டு. கடற்கரைக்கு உரிய பெயரைக் கடலே காணாத கோலார் மேட்டு நிலத்தில் படிப்பவர்கள் வியப்படைவது இயல்பே. அந்நாளில் இங்கு தங்கம் தோண்டிய ஆங்கிலேயக் கம்பெனிகளுள் ஒன்றின் சுரங்கத்துக்கு அப்பெயர் இருந்தது. சுரங்கம் போன பின்பும் பெயர் ஊரில் தங்கிவிட்டது.

கோலார் தங்க வயலின் வரலாறு வாசகர்கள் பலரும் அறிந்ததே. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் இங்கு பணியைத் தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் மின்கம்பி இழுக்கப்பெற்று, சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். ஊரிலேயே தங்கியவர்களுக்கு உலோகத் தொழிலே பெரிய ஆதாரம். 1964-இல் தொடங்கப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு புல்டோசர், எக்ஸ்கவேட்டர் முதலிய மண் அகழ் எந்திரங்களைச் செய்கிறது. அதன் பெயரால் கோரமண்டலுக்கு அருகிலேயே ஓர் இரயில் நிலையமும் உண்டு. கடைசல் எந்திரமும் சாணை எந்திரமும் வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறைகளும் இவ்வட்டாரத்தில் இருக்கின்றன.

இத்தகைய பட்டறைகளின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் ஒரு சிறிய கருவி காட்டும் எண்ணைப் பொறுத்திருக்கின்றன. அந்த எண் மெய்யானதா என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

சுரங்கம் கற்பித்த பாடம்

அளவு தவறினால் என்ன நேரும் என்பதைத் தங்க வயலுக்குப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த குழிகளில், கட்டங்கட்டமாக, எஃகுக் கம்பிக் கயிற்றில் தொங்கும் கூண்டுகளில்தான் ஆட்கள் இறங்கினர். அந்தக் கயிறு உலோகத் தொழிலின் விளைபொருள். அதன் தரத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல இயலாது. ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில் கயிற்றின் நுனியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதன் கம்பிகளைச் சோதனை எந்திரத்தில் இழுத்து முறித்துப் பார்ப்பது சுரங்கங்களின் வழக்கம். எத்தனை பளுவில் முறிந்தது என்பதை எந்திரம் காட்டும். அதை வைத்துக் கயிறு இன்னும் உழைக்குமா, கழித்துவிட வேண்டுமா என்று முடிவு செய்வார்கள்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த எந்திரம் 95 கிலோ பளுவை 100 கிலோ என்று காட்டுமானால்? கயிறு தேய்ந்திருக்கும், ஏட்டில் மட்டும் பலமாக இருக்கும். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே 1927-இல் அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தைச் சேர்ந்த விட்மோர், பெட்ரென்கோ ஆகிய இருவரும் 'புரூவிங் ரிங்' என்னும் எஃகு வளையத்தை உருவாக்கினர். பளு ஏற ஏற வளையம் மிகச் சிறிய அளவு நசுங்கும். நசுங்கும் அளவிலிருந்து மெய்யான பளு தெரியும். சோதனை எந்திரத்துக்குள் அந்த வளையத்தை வைத்து, எந்திரம் சொல்வதையும் வளையம் சொல்வதையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால் எந்திரத்தின் வாய்மை வெளிப்பட்டுவிடும். 1988-இல் தங்க வயலில் தொடங்கப்பெற்ற தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் பணிகளுள் கம்பிக் கயிற்றுச் சோதனையும் ஒன்று.

புரூவிங் ரிங்குக்குப் பதிலாக இப்போது பெரும்பாலும் 'லோட் செல்' எனப்படும் மின் உணரி பயன்படுகிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. மெய் தெரிந்த ஒன்றின் பக்கத்தில் ஐயத்துக்குரிய ஒன்றை நிறுத்திப் பார்ப்பதே அந்த அடிப்படை.

ஒப்பீடு வேறு, திருத்தம் வேறு

தொழிற்கூடங்களில் காலிபிரேஷன் என வழங்குவதைத் தமிழில் அளவுத் திருத்தம் என்று எழுதுகிறோம். இச்சொல் பழக்கத்தில் நிலைத்துவிட்டதால் நானும் அதையே கையாளுகிறேன். ஆனால் அது சற்றே தவறான எண்ணத்தைத் தருவது என்பதைச் சொல்லியாக வேண்டும். காலிபிரேஷன் என்பது கருவியைத் திருத்துவதன்று. உறுதியான அளவுடைய ஒரு படிமத்தோடு கருவியை ஒப்பிட்டு, அது எங்கே எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுகிறது என்றும், அந்த ஒப்பீட்டிலேயே எவ்வளவு ஐயப்பாடு தங்குகிறது என்றும் எழுதிவைப்பதே காலிபிரேஷன். கருவியின் திருகைத் திருப்பிச் சரிசெய்வது அதற்குப் பின்னர் நிகழும் வேறொரு செயல்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு கருவி ஆய்வுக்கூடத்துக்குப் போனவுடன், முதலில் அதன் பிழையைக் குறிக்காமல் நேரே சரிசெய்து திருப்பி அனுப்பிவிட்டால் கடந்த ஓராண்டில் அக்கருவி அளந்த பொருள்கள் எல்லாம் எத்தகையவை என்பது யாருக்கும் தெரியாமற் போய்விடும். 'வந்த நிலையில்' கண்ட பிழை, 'திருத்திய பின்' கண்ட பிழை என இரண்டையும் சான்றிதழில் கேட்டுப் பெறுவது பட்டறைக்காரரின் உரிமை. சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதிலுள்ள எண்களைப் படிக்காதவர்களை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

ஒரு பட்டறையில் கண்டது

சிறுதொழில்கள் குறித்த ஆய்வுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கோரமண்டல் பக்கம் போயிருந்தபோது ஒரு பட்டறையில் அரைநாள் தங்க நேர்ந்தது. உரிமையாளர் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். வெளியூர்த் தொழிற்சாலை ஒன்றுக்கு 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் பின்களைச் சாணை பிடித்துக் கொடுத்துவந்தார். வரைபடம் கேட்டது 80.000 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் 79.970-க்குக் குறையாமலும் இருக்கும் விட்டம். அதாவது அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 30 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அவர் அனுப்பிய பின்களில் ஒரு பகுதி, விட்டம் குறைவு என்று திரும்பி வந்திருந்தது. "ஒவ்வொரு பின்னையும் அளந்துதான் அனுப்பினேன் சார். என் கருவியில் எல்லாம் சரியாக இருக்கிறது, அவர்கள் கருவியில்தான் கோளாறு" என்றார். கையில் குறிப்பேடும் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. குறிப்பேட்டில் ஓர் எண்கூட எல்லையைத் தாண்டவில்லை.

அவருடைய கருவி மின்னணுக் கம்பேரேட்டர். அதன் உயிர்நிலை ஓர் உணரி. நடுவில் ஒரு கம்பிச்சுருள், இருபுறமும் இரண்டு கம்பிச்சுருள்கள், அவற்றினூடே நகரும் இரும்புத் தண்டு என்பதே அதன் அமைப்பு. தண்டு நடுவில் நிற்கும்போது இருபுறச் சுருள்களிலும் தோன்றும் மின்னழுத்தம் சமமாக இருக்கும். தண்டு ஒரு மைக்ரான் நகர்ந்தாலும் சமநிலை குலையும். அந்த வேறுபாட்டைக் கருவி எண்ணாகக் காட்டும். ஆனால் இது விட்டத்தைத் தானாக அறியும் கருவி அன்று. 80.000 என்று பெயர் பொறித்த மாஸ்டர் பின் ஒன்றை முதலில் வைத்து, 'இதுதான் 80' என்று கருவிக்குக் கற்பிக்க வேண்டும். அதன் பின்பே மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லும்.

அந்த மாஸ்டர் மூன்றாண்டுகளாக நாள்தோறும் பன்முறை தொடுமுனையின்கீழ் உருண்டிருந்தது. ஒருமுறைகூட ஆய்வுக்கூடத்துக்குப் போனதில்லை. பின்னர் அளந்து பார்த்ததில் அதன் மெய்யான விட்டம் 79.996 என்று தெரிந்தது. 79.996-ஐக் கருவி 80.000 என்று நம்பியதால், அதன்பின் அளந்த ஒவ்வொரு பின்னும் மெய்யைவிட 4 மைக்ரான் பருமனாகத் தோன்றியது.

அதைவிடப் பெரிய பிழை கண்முன்னே இருந்தது. சாணை எந்திரத்திலிருந்து எடுத்த பின்னைத் துடைத்துவிட்டு உடனே அளந்தார்கள். குளிர்நீர்க் குழாய் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்தால் சூடு தெரிந்தது. மேசை மேலிருந்த மாஸ்டரைவிட ஏறத்தாழ 20 டிகிரி கூடுதல். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 11.5 மைக்ரான் விரியும். 80 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 20 டிகிரி என்றால் 18 மைக்ரானுக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் 22 மைக்ரான். கருவியில் 79.990 என்று காட்டிய பின், குளிர்ந்த பின் மெய்யாக 79.968. எல்லைக்குக் கீழே 2 மைக்ரான். கருவியில் 79.992-க்கு மேல் காட்டியவை மட்டும் தப்பிப் பிழைத்தன. ஏன் ஒரு பகுதி தேறியது, ஒரு பகுதி திரும்பியது என்பது இப்போது விளங்கும்.

சாணை பிடித்தவரின் கைத்திறனில் குறை இல்லை. எந்திரத்திலும் குறை இல்லை. திரும்பிய பின்கள் எல்லாம் கழிவு இரும்பு விலைக்குப் போயின. குறைந்துபோன விட்டத்தை மறுபடி வளர்க்க முடியாதல்லவா?

வெப்பநிலையும் பூச்சியமும் சரிவும்

நீள அளவுகள் அனைத்தும் 20 டிகிரி செல்சியசில் மெய்யானவை என்பது உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட விதி. இது குளிர்நாட்டார்க்கு வசதியான எண். நம் பட்டறைகளில் கோடையில் 35 டிகிரி சாதாரணம். அந்த 15 டிகிரி வேறுபாட்டில் ஒரு மீட்டர் எஃகு 170 மைக்ரானுக்கு மேல் நீண்டுவிடும். அதே நீள அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு நீளும். பட்டறை முழுதையும் குளிரூட்ட வேண்டும் என்று இதற்குப் பொருளன்று. அளக்கப்படும் பொருளும் மாஸ்டரும் ஒரே உலோகமாக, ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும். ஒப்பீட்டில் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். இரண்டையும் ஒரே கல்மேடையில் சில மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. எஃகு மாஸ்டரை வைத்து அலுமினியப் பொருளை அளக்கும்போதுதான் கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு மாஸ்டரை வைத்துக் கருவியை அமைப்பதிலும் ஒரு பொறி உண்டு. அது பூச்சியத்தை மட்டுமே சரிசெய்யும், சரிவைச் சரிசெய்யாது. உணரியின் சரிவு 10 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கொள்வோம். 80.000-இல் கருவி மெய்யே சொல்லும். ஆனால் 30 மைக்ரான் குறைந்த பின்னை 27 மைக்ரான் மட்டுமே குறைந்ததாகக் காட்டும். எல்லையிலுள்ள பொருளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. கருவியோ எல்லையில்தான் தவறுகிறது. ஆகவே மேல் எல்லைக்கு ஒன்று, கீழ் எல்லைக்கு ஒன்று என இரு மாஸ்டர்கள் வைத்திருப்பது நல்லது. இயலாதவர்கள் 'ஸ்லிப் கேஜ்' கட்டைகளை வைத்து இடைப்பட்ட பல புள்ளிகளிலும் பார்க்கலாம். சுவீடன் நாட்டு ஜோஹான்சன் 1896-இல் எண்ணிக் கண்ட இந்தக் கட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டவைத்து வேண்டிய நீளத்தைக் கூட்டிப் பெறும் தன்மை உடையவை. நூறு கட்டைகளைக் கொண்டு பல்லாயிரம் அளவுகளை உண்டாக்கலாம்.

விட்டம் அல்லாத பிற ஆய்வுகள்

உலோகத் தொழிலில் விட்டம் ஒன்று மட்டுமே ஆய்வுக்கு உரியது அன்று. கெட்டிப்படுத்திய பல்சக்கரத்தின் கடினத்தை ராக்வெல் கருவியால் அளப்பார்கள். வைரக் கூம்பு உலோகத்தில் எவ்வளவு ஆழம் பதிகிறது என்பதே அங்கு அளவு. ராக்வெல் 'சி' அளவுகோலில் ஓர் எண் என்பது 2 மைக்ரான் ஆழமே. மேசையின் அடியில் ஒட்டிய சிறு தூசு கூட ஓரிரு எண்களைக் குறைத்துக் காட்டிவிடும். கடினம் தெரிந்த சோதனைக் கட்டையில் நாள்தோறும் காலையில் சில பதிவுகள் எடுத்துப் பார்ப்பதே இதற்கு மருந்து.

மீயொலித் தடிப்புமானி வேறு வகையானது. ஒலித்துடிப்பு உலோகத்துக்குள் சென்று பின்சுவரில் மோதித் திரும்பும் நேரத்தை அது அளக்கிறது, தடிப்பை அளப்பதில்லை. ஒலியின் வேகம் இன்னது என்று நாம் சொல்லிக்கொடுத்தால்தான் நேரம் தடிப்பாக மாறும். எஃகில் அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5,920 மீட்டர். வார்ப்பிரும்பில் அது வகைக்கு வகை வேறுபடும்; 4,600 மீட்டராகவும் இருக்கலாம். எஃகுக் கட்டையில் அமைத்த கருவியை அப்படியே வார்ப்பிரும்பு உறையில் வைத்தால், 10 மில்லிமீட்டர் சுவர் ஏறத்தாழ 12.9 மில்லிமீட்டர் என்று தெரியும். இங்குப் பிழை ஆபத்தின் பக்கம் சாய்கிறது: மெலிந்த சுவர் தடித்த சுவராக வேடம் போடுகிறது. ஆய்வு செய்யும் உலோகத்திலேயே செய்த படிக்கட்டை ஒன்றை வைத்துக் கருவியை அமைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

வெப்பப் பதப்பாட்டு உலையின் தெர்மோகப்பிள் இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது. இரு வேறு உலோகக் கம்பிகளின் சந்திப்பைச் சூடாக்கினால் தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டு அது வெப்பத்தைச் சொல்கிறது. ஆய்வுக்கூடங்கள் இதைத் தூய உலோகங்கள் உறையும் நிலைகளோடு ஒப்பிடும், துத்தநாகம் 419.527 டிகிரி, அலுமினியம் 660.323, வெள்ளி 961.78. ஆனால் பல மாதங்கள் உலையில் வெந்த கம்பியின் இயல்பு நீளம் முழுதும் ஒரேபோல் மாறுவதில்லை. உலைச்சுவருக்குள் இருந்த பகுதி ஒரு விதமாகவும் வெளியில் நின்ற பகுதி வேறு விதமாகவும் ஆகிவிடும். அதைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அங்கு வேறு ஆழத்தில் செருகிப் பார்த்தால் கிடைக்கும் விடை, உலையில் அது சொன்ன பொய்யை வெளிப்படுத்தாமற் போகலாம். உலையிலேயே, அதன் பக்கத்திலேயே, சான்று பெற்ற புதிய தெர்மோகப்பிள் ஒன்றைச் செருகி இரண்டையும் ஒப்பிடுவதே தக்கது.

ஐயப்பாட்டுக்கு விலை உண்டு

பொருளியல் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில்தான் சுவை மிகுகிறது. எந்த அளவீடும் முழுமையானது அன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐயப்பாட்டு எல்லை உண்டு. அந்த எல்லையின் செலவை யார் ஏற்பது? விற்பவரா, வாங்குபவரா?

பன்னாட்டுத் தர விதிகளில் இதற்கு ஒரு விடை சொல்லப்பட்டிருக்கிறது. பொருள் சரி என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பவரானால், அவர் தம் ஐயப்பாட்டை அனுமதி வேறுபாட்டின் இருபுறமும் கழித்துக்கொள்ள வேண்டும். பொருள் தவறு என்று மெய்ப்பிக்க வேண்டியவர் வாங்குபவரானால், அவர் தம் ஐயப்பாட்டை இருபுறமும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் கோரமண்டல் பின்னுக்குப் பொருத்திப் பார்ப்போம். 30 மைக்ரான் அனுமதியில், ஐயப்பாடு இருபுறமும் 3 மைக்ரான் உள்ள பட்டறைக்குச் சாணை பிடிக்க 24 மைக்ரான் இடம் கிடைக்கிறது. ஐயப்பாடு 8 மைக்ரானானால் கிடைப்பது 14 மைக்ரான் மட்டுமே. ஒரே வரைபடம், ஒரே எந்திரம். ஆனால் இரண்டாமவர் ஏறத்தாழ பாதி இடத்துக்குள் வேலை செய்தாக வேண்டும். அதற்காக எந்திரத்தை மெதுவாக ஓட்டுவார். சாணைக்கல்லை அடிக்கடி தீட்டுவார். நல்ல பின்களையும் ஐயத்தின் பேரில் ஒதுக்குவார். இந்தச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் 'அளவீடு' என்ற தலைப்பில் வருவதில்லை. கூலியிலும் கல்லிலும் கழிவிலும் கரைந்து மறைகிறது. புதிய எந்திரத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்கு நடக்கும் பலர், இருக்கும் எந்திரத்தின் பாதித் திறனை மாஸ்டர் பின் ஒன்று விழுங்கிக்கொண்டிருப்பதை அறியார்.

கருவியின் ஐயப்பாடு அனுமதி வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை மரபு. நான்கில் ஒரு பங்காவது வேண்டும் என்று பலர் இப்போது தளர்த்திக்கொண்டுள்ளனர். என் கருத்தில், நுணுக்கம் குறைந்த பாகங்களுக்குப் பழைய மரபு வீண் செலவு. நுணுக்கமான பாகங்களுக்குப் புதிய தளர்வு சிறு பட்டறைக்காரருக்கு இலாபகரமானது அன்று.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

'ஆண்டுக்கொரு முறை' என்பது வழக்கமான விடை. எதனால் ஆண்டு என்று கேட்டால் விளக்கம் கிடைப்பதில்லை. கருவியின் பயன்பாடும் தேய்மானமும் முந்தைய சான்றிதழ்களில் காணும் நகர்வுமே இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். பெட்டியிலேயே உறங்கும் கருவிக்கு ஆண்டு அதிகம். நாளுக்கு நூறு முறை உருளும் மாஸ்டருக்கு ஆண்டு போதாது.

இதில் மறைந்துள்ள அபாயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கருவி தவறு என்று இன்று தெரிகிறது. அது கடைசியாகச் சரியாக இருந்தது என்று மெய்ப்பிக்கத்தக்க நாள் எது? அந்நாள் முதல் இன்று வரை அளந்த யாவும் ஐயத்துக்கு உரியவை. நாளுக்கு 200 பின்கள், ஆண்டுக்கு 300 வேலை நாள்கள் என்றால் ஆண்டுச் சான்றிதழை மட்டும் நம்பியவருக்கு 60,000 பின்கள் ஐயத்தில் நிற்கும். நாள்தோறும் காலையில் தனி மாஸ்டர் ஒன்றை வைத்து இரண்டு நிமிடம் பார்த்து எழுதிவைத்தவருக்கு 200 பின்களோடு போயிற்று. ஆய்வுக்கூடச் சான்றிதழ் இந்த அன்றாடச் சோதனைக்கு அடித்தளமே தவிர, அதற்கு மாற்று ஆகாது.

ஒரே கருவியை மட்டும் நம்புவதும் கேடு தரும். 1990-இல் விண்ணுக்கு அனுப்பப்பெற்ற ஹபிள் தொலைநோக்கியின் பெரிய ஆடி, மிகத் துல்லியமாக, ஆனால் தவறான வடிவில் தேய்க்கப்பட்டிருந்தது. விளிம்பில் பிழை 2 மைக்ரானுக்குச் சற்றே கூடுதல். ஆடியை ஆய்வு செய்த ஒளியியல் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டதே காரணம். வேறு இரண்டு எளிய கருவிகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை நுணுக்கம் குறைந்தவை, முதன்மைக் கருவி தவறாது என்று கருதி அவற்றின் சான்று ஒதுக்கப்பட்டது. 1993-இல் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஒளியியல் பாகங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. கோரமண்டல் பட்டறைக்காரர் சொன்னதும் அதே சொல்தானே: 'என் கருவியில் சரியாக இருக்கிறது.' இரு கருவிகள் முரண்படும்போது எது பொய் என்று வழக்காடுவதற்கு முன், இரண்டையும் மூன்றாவது ஒன்றின் முன் நிறுத்த வேண்டும்.

சங்கிலியின் மேற்கண்ணிகள்

பின்னை அளப்பது கம்பேரேட்டர். கம்பேரேட்டரை அமைப்பது மாஸ்டர். மாஸ்டரை அளப்பது ஆய்வுக்கூடத்தின் ஸ்லிப் கேஜ். அதற்கு மேல்? இந்தியாவில் இச்சங்கிலி புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் போய் முடிகிறது. 1947 ஜனவரி 4-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1950-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனமே நாட்டின் அளவைப் படிமங்களைக் காத்துவருகிறது. மீட்டர் என்பதற்கு இப்போது உலோகக் கோல் ஏதும் ஆதாரமில்லை. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே மீட்டர் என்று 1983-இல் வரையறுக்கப்பட்டது.

நடுவிலுள்ள கண்ணிகளாகத் தேசிய அங்கீகார வாரியத்தின் ஏற்பு பெற்ற ஆய்வுக்கூடங்கள் நாடெங்கும் இருக்கின்றன. தங்க வயலுக்கு அண்மையில், 1962-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறையில் நெடுநாள் அனுபவம் உடையது. சென்னை கிண்டியில் சிறுதொழில்களுக்கான மண்டலச் சோதனை நிலையம் உண்டு.

சட்டம் இதில் எங்கு நிற்கிறது என்றும் வாசகர்கள் கேட்கக்கூடும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் நம் நாட்டுக்கு வந்தன. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவைச் சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது. மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை இல்லையேல் அபராதம் உண்டு. பட்டறைக்குள் தன் வேலையைத் தானே சோதித்துக்கொள்ளும் மைக்ரோமீட்டருக்கு அத்தகைய முத்திரைக் கட்டாயம் இல்லை. அதைக் கேட்பவர் ஆய்வாளர் அல்லர், வாங்கும் தொழிற்சாலை. பெரிய தொழிற்சாலைகள் தங்களுக்குப் பொருள் வழங்குவோரிடம் ஐ.எஸ்.ஓ. 9001 முறைமையையும் சான்றுள்ள கருவிகளையும் எதிர்பார்க்கின்றன. சிறு பட்டறைகள் இதற்கு ஈடுகொடுக்க மத்திய அரசின் 'ஜெட்' தரச்சான்றுத் திட்டம், சான்றிதழ்க் கட்டணத்தில் நுண்தொழில்களுக்கு 80 விழுக்காடும், சிறுதொழில்களுக்கு 60 விழுக்காடும், நடுத்தரத் தொழில்களுக்கு 50 விழுக்காடும் மானியம் அறிவித்தது. ஆனால் மானியம் சான்றிதழை மலிவாக்கும்; காலையில் இரண்டு நிமிடம் மாஸ்டரை வைத்துப் பார்க்கும் பழக்கத்தை அது தர இயலாது. ஒரு வட்டாரப் பட்டறைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஸ்லிப் கேஜ் பெட்டியைப் பொதுவில் வாங்கிச் சான்று பெற்று வைத்துக்கொண்டால் செலவு பத்தில் ஒன்றாகும். இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். பெட்டி யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வியில்தான் பேச்சு நின்றுவிடுகிறது!

அடுத்த ஆண்டில் மறுபடியும் அந்தக் கோரமண்டல் பட்டறைக்குச் சென்றேன். குளிர்நீர்க் குழாய் மாற்றப்பட்டிருந்தது. சாணை பிடித்த பின்கள் இரவு முழுதும் கல்மேடையில் மாஸ்டரின் பக்கத்தில் கிடந்து, மறுநாள் காலையில் அளக்கப்பட்டன. மாஸ்டர் இப்போது இரண்டு: ஒன்று வேலைக்கு; மற்றொன்று எண்ணெய் தடவி மரப்பெட்டிக்குள், திங்கட்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உரிமையாளரின் மகள் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவந்தார். முதல் ஆறு மாதங்கள் வேறுபாடு ஏதும் இல்லை. ஏழாம் மாதத்திலிருந்து ஒரு மைக்ரான் என்று பதிவாகத் தொடங்கியிருந்தது. ஒன்பதாம் மாதத்தில் ஒன்றரை. ஆண்டு முடியும் வரை காத்திராமல் வேலை மாஸ்டரை அந்த வாரமே பெங்களூருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.